புது கார் எடுத்திருக்கிறேன். முதல் தடவை பங்க்கில் பெட்ரோல் போடும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பத்து லட்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெட்ரோல் விளக்கு எரிகிற வண்டியைத்தான் ஷோரூமில் பெரும்பாலும் கையில் கொடுப்பார்கள். அதனால் கோயிலுக்கு முன்னால் பங்க்குக்குத்தான் போக வேண்டியிருக்கும். டேங்க் மூடியை ஷோரூம் வாசலிலேயே ஒரு தடவை திறந்து பழகிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையோடு லீவர் இருக்கும். சிலவற்றில் கதவு லாக் திறந்திருந்தால் மூடியை அழுத்தினாலே போதும். எந்தப் பக்கம் மூடி என்பதை மீட்டரில் பங்க் படத்தை ஒட்டிய குட்டி அம்புக்குறி சொல்லும். இதுகூடவா தெரியாது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது லீவரைத் தேடுவதை விட இது மேல்.

டீசல் கார் என்றால் வாய்விட்டு "டீசல்" என்று சொல்லுங்கள். டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் காரில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் நாசில் மெல்லியது, டீசல் காரில் தாராளமாக இறங்கும். அப்படி மாற்றிப் போட்டுவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். இக்னிஷன் ஆன் ஆனாலே டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓட ஆரம்பித்துவிடலாம். உயர் அழுத்த பம்ப்புக்கு மசகு டீசல்தான். பெட்ரோல் போனால் உலோகம் உரசி, தூள் இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போகும். தள்ளி ஓரங்கட்டி, டேங்க்கை வடித்துவிட்டால் செலவு அதோடு நிற்கும். நீல மூடி இருந்தால் அது ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தமாக்கும் திரவம்) ஊற்றும் வாய், அதில் டீசல் போகக் கூடாது.

போடுவதற்கு முன்னால் பங்க் மீட்டரில் ஸீரோ காட்டுவார்கள், சரி. "கார்டா, கேஷா?" என்று இன்னொருவர் ஜன்னல் பக்கம் பேச்சுக் கொடுக்கும்போதுதான் கண் மீட்டரை விட்டு நகரும். இறங்கி நில்லுங்கள்.

முக்கியமானது ஃபுல் டேங்க். நாசில் 'டக்'கென்று கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று கேட்டு, நாசிலை லேசாக வெளியே இழுத்து, சொட்டுச் சொட்டாக அழுத்துவார்கள். வேண்டாம். டேங்க்கின் மேல்பகுதி ஆவிக்காக விட்ட இடம். அங்கிருந்து ஆவி ஒரு கரி டப்பாவுக்குப் போய், பிறகு இன்ஜினில் எரியும். ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போனால் கரி நனைந்து கெடும். ஸ்டார்ட்டிங் தகராறு, செக் இன்ஜின் விளக்கு எல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

"37 லிட்டர் டேங்க்கில் 40 லிட்டர் பில், ஏமாற்றிவிட்டார்கள்" என்ற புகாரும் பல நேரம் இதில்தான் பிறக்கிறது. கையேட்டு எண் கட் ஆகும் வரைக்குமான கணக்கு. மேலே ஆவி இடமும் கழுத்துக் குழாயும் தனி. பங்க்குகள் எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. 500க்குப் பதில் 510 ரூபாய்க்குப் போட்டால் கூடுதலாக விழும் என்பதும், விடியற்காலையில் அடர்த்தி அதிகம் என்பதும் வாட்ஸ்அப் வைத்தியம். பூமிக்கடியில் இருக்கும் டேங்க்கில் வெப்பம் அப்படியெல்லாம் ஏறி இறங்காது.

அப்படியே டயரில் காற்றையும் பார்த்துவிடுங்கள். யார்டில் நிற்கும் வண்டிக்கு அதிகமாக அடைத்திருப்பார்கள். சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் பாதி இடத்தில் மெஷின் ரிப்பேர், மீதியில் ஆள் சாப்பிடப் போயிருப்பார்.