வாய் ஜெபிக்கிறது, மனம் எங்கோ ஓடுகிறது

கேள்வி: பல வருடங்களாகத் தினமும் காலையில் பிரார்த்தனை செய்கிறேன். இப்போதெல்லாம் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. மனம் அன்றைய வேலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. வெறும் சடங்காகிவிட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். 'வெறும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

சின்னக் குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். பல் தேய்த்து, விளக்கைக் குறைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, நேற்றுச் சொன்ன அதே கதை. ஒரு வரியைத் தாண்டினால் குழந்தை உடனே பிடித்துவிடும். கதையில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரிசை முடிவதற்குள் உடம்பு தளர்ந்து கண் சொக்கிவிடும். சொல்கிறவருக்கு அலுப்பான இரவிலும் குழந்தை தூங்கத்தான் செய்கிறது.

இதைச் சமயங்கள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. முஸ்லிம்கள் தொழுகைக்கு முன் உளூ செய்யும்போது, அதாவது தண்ணீரால் தூய்மை செய்துகொள்ளும்போது, முகம், முழங்கை வரை கைகள், ஈரக்கையால் தலை, கணுக்கால் வரை பாதங்கள் என்று வரிசை உண்டு. கிறிஸ்தவ ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து முறை மணி நகரும். இந்துக்களின் ஜபமாலையில் 108 மணி. மனம் எங்கே ஓடினாலும், திரும்பி வரும்போது விரலடியில் அந்த மணி இருக்கும்.

உங்கள் பிரார்த்தனையில் வாய்க்கு மட்டும்தான் வேலை இருப்பதுபோல் தெரிகிறது. குளித்தவுடன், தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். இருபது நிமிடம் சொல்கிறீர்கள் என்றால் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மெதுவாக, உங்கள் காதுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். பெரும்பாலும் வேகம்தான் கெடுக்கிறது: மனப்பாடமான சொல்லை நாக்கு தானே உருட்டிவிடும், காது கேட்பதே இல்லை. முடித்ததும் மூன்று மூச்சு சும்மா இருந்துவிட்டு எழுந்திருங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும், மணி பார்க்கக்கூட வேண்டாம்.

ஒருநாள் விட்டுப்போனால், உங்கள் சமய விதி கேட்டாலொழிய மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள், பாரமாகிவிடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 'சரியாகச் சொல்லவில்லை, ஏதாவது கெட்டது நடந்துவிடும்' என்ற பயத்தில் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறீர்கள் என்றால், அது பக்தியில் வந்த குறை இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.