‘விளக்கை எடு’ புரிகிறது, ‘விளக்கு எடு’ புரியவில்லை: ப்ராஜெக்ட் சென்டருக்குப் போகலாமா?

கேள்வி: கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன் ஐயா. தமிழிலேயே கட்டளை தட்டி விளையாடும் எழுத்துவழி சாகச விளையாட்டு ஒன்றை பைத்தானில் எழுதுகிறேன். ‘விளக்கை எடு’ வேலை செய்கிறது. ‘அந்த விளக்கு எடு’, ‘விளக்கை எடுத்துக்கோ’, ‘பெட்டியைத் திற’ எதுவும் புரிவதில்லை. ஐ விகுதியை வெட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. இதெல்லாம் பழைய முறை என்கிறார் வழிகாட்டி. ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ஏஐ வைத்து முடித்துத் தருவதாகச் சொல்லி பாதிப் பணம் முன்னாலேயே கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தமிழைப் புரிந்துகொள்ளும் நிரல் உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் விளையாட்டில் வரும் குகைக்குள் மொத்தம் எத்தனை பொருள் இருக்கும்? முப்பது, நாற்பது. வினைச்சொல் ஒரு இருபது. இந்த அறுபது சொல்லும் என்னென்ன உருவத்தில் வந்து நிற்கும் என்று தெரிந்தால் முடிந்தது வேலை.

விகுதியை வெட்டியது ஏன் சொதப்பியது என்று முதலில் பார்ப்போம். ‘விளக்கை’ நம் கண்ணுக்கு நாலு எழுத்து, பைத்தானுக்கு ஏழு யூனிகோடு குறி (புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி). கடைசிக் குறியை வெட்டினால் மிஞ்சுவது ‘விளக்க’. ‘பெட்டியை’ என்பதில் வெட்டினால் ‘பெட்டிய’. ‘மரத்தை’ என்பதிலிருந்து ‘மரம்’, ‘வீட்டை’ என்பதிலிருந்து ‘வீடு’ என்று விதி எழுதக் கிளம்பினால் செமஸ்டரே போய்விடும். அதனால் வெட்டவே வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உருவங்களைக் கையாலேயே எழுதி வைத்துவிடுங்கள்: கயிறு, கயிற்றை, கயிற்றால், கயிற்றில், கயிற்றுக்கு, கூடவே பேச்சில் வரும் கயித்தை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தப் பொருள், அந்த வரியில் அதற்கு என்ன வேலை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐ வந்தால் செயல் அதன்மேல், ஆல் வந்தால் அது கருவி, இல் வந்தால் இடம். இப்படிச் செய்துவிட்டால் ‘சாவியால் பெட்டியைத் திற’, ‘பெட்டியைச் சாவியால் திற’ இரண்டுக்கும் ஒரே விடை வரும், சொல் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. விகுதி இல்லாமல் வெறும் ‘விளக்கு’ வந்தால் ஐ இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வினைக்கும் இதே கதைதான். எடு, எடுங்கள், எடுத்துக்கொள், எடுத்துக்கோ, தூக்கு எல்லாம் ஒரே செயலுக்குப் போகட்டும். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும் என்பதால் வரியைப் பின்னாலிருந்து தேடுங்கள். அந்த, இந்த, ஒரு, கொஞ்சம் போன்றவற்றைத் தூக்கி எறியலாம். சிவப்பு, பித்தளை போன்றவற்றை எறியக் கூடாது, இரண்டு சாவி இருந்தால் அவைதான் வழிகாட்டும்.

இப்போது ‘பெட்டியைத்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் ‘த்’. சொல்லின் கடைசியில் க், ச், த், ப் இருந்தால் கழற்றிவிட்டுத் தேடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தனித் தமிழ்ச் சொல் இந்த எழுத்துகளில் முடியாது என்பதால் அது சரிதான். ஆனால் உங்கள் குகையில் ஒரு டார்ச் கிடந்தால்? ‘டார்ச் எடு’ என்று தட்டியதும் உங்கள் நிரல் ‘ச்’சைக் கழற்றிவிட்டு ‘டார்’ என்ற பொருளைத் தேடிக்கொண்டிருக்கும். மேப் ‘மே’ ஆகும், புக் ‘பு’ ஆகும். ஆகவே சொல்லை முதலில் முழுசாக அட்டவணையில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மட்டும் கழற்றிவிட்டு இன்னொரு தடவை தேடுங்கள். இந்த வரிசை மாறினால் டார்ச்சை எடுக்கவே முடியாத குகையாகிவிடும், நீங்களும் காரணம் தெரியாமல் முழிப்பீர்கள்.

இன்னொரு கண்ணி: ‘கொடு’ என்பதில் உள்ள கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறியாகப் பிரிந்தும் வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் மட்டும் பொருந்தாது. பைத்தானின் யூனிகோடுடேட்டா (unicodedata) தொகுதியில் நார்மலைஸ் (normalize) இருக்கிறது, உள்ளே வரும் வரியையும் அட்டவணையையும் அதைக் கொண்டு என்எஃப்சி (NFC), அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, ப்ராஜெக்ட் சென்டர். இந்த மாதிரி இடங்களில் பலமுறை பார்த்தது இதுதான்: ஒரே நிரலைப் பெயர் மாற்றிப் பல கல்லூரிக்கு விற்பார்கள், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ‘இந்த வரி என்ன செய்கிறது’ என்று கேட்டால் நிற்பது நீங்கள், அவர்கள் அல்ல. ஏஐ பார்சர் (கட்டளை வரியைப் பிரித்துப் பொருள் காணும் பகுதி) என்று தருவதும் பெரும்பாலும் தட்டிய வரியை இணையத்தில் ஏதோ ஒரு மொழி மாதிரிக்கு அனுப்பிவிட்டு வரும் பதிலைக் காட்டும் நாலு வரிதான். ஆய்வகத்தில் வைஃபை போனால் விளையாட்டும் போச்சு. ஒவ்வொரு கட்டளைக்கும் காசு வேறு, அந்த அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள். அதைவிட முக்கியம், குகையில் இல்லாத வாளை ‘எடு’ என்றாலும் எடுத்தாச்சு என்று அது சொல்லிவிடலாம். எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்தது உங்கள் நிரலுக்குத்தான்.

வழிகாட்டி பழைய முறை என்கிறாரா? பழையதுதான், அதனால் என்ன? 1976இல் வில் கிரவுதர் எழுதி 1977இல் டான் வுட்ஸ் விரித்த ‘அட்வென்ச்சர்’ என்ற எழுத்துவழி விளையாட்டு இரண்டு சொல் கட்டளைகளைத்தான் படித்தது, அதிலும் ஒரு சொல்லின் முதல் ஐந்து எழுத்தை மட்டும். ஆங்கிலத்தில் வடகிழக்கு (northeast) என்று முழுசாகத் தட்டினால் வடக்கு (north) என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்து அமெரிக்காவின் எம்ஐடியில் எழுதிய ‘ஸோர்க்’ விளையாட்டு வினை, பொருள், கருவி மூன்றையும் ஒரே வரியில் பிரித்தது. இரண்டிலும் இருந்தது சொல் அட்டவணையும் விதிகளும்தான். ஆனால் தலைப்பில் ஏஐ இல்லாவிட்டால் முதல் ரிவ்யூவிலேயே முகம் சுளிக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் வந்துவிட்டது, மாணவன் கடைக்கு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். தலைப்பில் ‘இயற்கை மொழிச் செயலாக்கம்’ என்று போட்டுக்கொள்ளுங்கள். பொய்யில்லை, நீங்கள் செய்வது அதுதான்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் ‘புரியவில்லை’ என்ற ஒரே பதில் வேண்டாம். தெரியாத சொல் என்றால் எந்தச் சொல் என்று காட்டுங்கள். சொல் தெரியும், பொருள் இந்த அறையில் இல்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். இரண்டு சாவி இருந்தால் ‘எந்தச் சாவி, சிவப்பா பித்தளையா?’ என்று கேட்டு, அடுத்த வரியில் ‘பித்தளை’ என்று மட்டும் வந்தால் அதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு விளையாட்டை ஹாஸ்டல் நண்பர்களிடம் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். புரியாமல் போன ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பில் சேரட்டும். தினமும் ராத்திரி அதைத் திறந்து அட்டவணையில் ஏற்றுங்கள், நீங்கள் யோசித்தே பார்க்காத வினையெல்லாம் வந்திருக்கும். அந்தக் கோப்பையே அறிக்கையில் பின்னிணைப்பாகப் போட்டால் ‘சோதனை’ அத்தியாயத்துக்குப் பக்கமும் நிரம்பிவிடும்.