"ஊரில எவடம்?"

கேள்வி: மதுரையிலிருந்து டொராண்டோ வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்காபரோவில் இருக்கிறோம். எட்டு வயது மகளைச் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். அங்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். "ஊரில எவடம்?" என்று கேட்பார்கள். மதுரை என்றதும் "ஓ, இந்தியாவோ" என்று சிரித்துவிட்டுத் தங்களுக்குள் பேசப் போய்விடுவார்கள். போன வாரம் மகள், "நான் பேசுறது சினிமாத் தமிழாம்மா?" என்று கேட்டு அழுதாள். எங்கள் ஊர்த் தோழிகளோ, "அவங்களோட அளவா வச்சுக்கோ" என்கிறார்கள். வகுப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. முதலில் மகள் விஷயம். ஆசிரியரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், ஆனால் மழுப்பாமல் சொல்லுங்கள். பேசுறது, கதைக்கிறது, புரியுது, விளங்குது, சீக்கிரம், கெதியா, அழகு, வடிவு என்று இரண்டு ஊர்ச் சொற்களையும் பலகையில் ஜோடியாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும். எது சரியான தமிழ் என்ற பேச்சே அங்கே எழாது.

இனி உங்களைச் சுடும் அந்தக் கேள்வி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சிதறி வந்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் வீட்டை விட்டு வெளியேறிய பலர், இருபது வருடங்களுக்கு மேல் அந்த மண்ணை மிதிக்கவே முடியவில்லை. "எவடம்?" என்று கேட்டுத்தான் காணாமல் போன உறவுகளைத் தேடினார்கள், செய்தி அறிந்தார்கள். டொராண்டோவில் இத்தனை ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இருப்பது அதனால்தான். நீங்கள் மதுரை என்றதும் அவர்களுக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரிவதில்லை. பெரும்பாலும் அவ்வளவுதான், வெறுப்பு இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1987 முதல் 1990 வரை இந்திய ராணுவம் அங்கே இருந்தது. அந்த நாட்களில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. "இந்தியாவோ" என்ற சொல்லுக்குப் பின்னால் சிலருக்கு அந்த நினைவு இருக்கலாம். அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "நாங்களும் உங்களுக்காக எவ்வளவு அழுதோம் தெரியுமா" என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். அவர்களாகச் சொல்லும்போது காது கொடுங்கள், போதும்.

காரணம் இருப்பதால் அது நியாயம் ஆகிவிடாது. ஒரு தாயை வாரா வாரம் தனியே நிற்க விடுவது தவறு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை யாரென்று தெரியாமலேயே மீட்டுக் கரை சேர்த்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். அந்தப் பெற்றோரில் ஒருவராவது இதைப் படிப்பார் என்று நினைத்தே எழுதுகிறேன்: இந்தச் சனிக்கிழமை அந்தப் பெண்ணோடு இரண்டு வார்த்தை கூடுதலாகக் கதையுங்கள்.

உங்கள் தோழிகள் சொல்வதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். உங்களை அழவைத்த அதே காரியத்தைத்தான் அவர்கள் உங்களையும் செய்யச் சொல்கிறார்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் நட்பாக்க முடியாது. ஒருவரைப் பிடியுங்கள். ஜனவரி அங்கே தமிழ் மரபுத் திங்கள். பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்க எப்போதும் ஆள் தேவைப்படும். "நான் என்ன செய்யட்டும்?" என்று நீங்களே போய்க் கேளுங்கள். பிள்ளைகளுக்கு உடை மாற்றிவிட்டு, தலை பின்னிவிட்டு ஒரு மாலை சேர்ந்து ஓடியாடினால், நடைக்கூடத்தில் ஒரு வருடம் நின்று சிரித்ததைவிட அதிகம் பழகியிருப்பீர்கள்.

அப்புறம், அடுத்த முறை யாராவது "எவடம்?" என்றால், மதுரை என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். "நீங்கள் எவடம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் கொஞ்சம் நீளும். வகுப்பு முடியும்வரை நேரம் இருக்கிறதே.