தமிழ் தீசிஸை சோத்கங்காவுக்கு எப்படி ரெடி பண்றது?
பெங்களூர்ல தமிழ்ல பிஎச்டி முடிக்கிறீங்க, பாமினில டைப் பண்ணதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி சோத்கங்காவுக்கு (இந்திய யுனிவர்சிட்டி தீசிஸ்களை ஆன்லைன்ல சேர்த்து வைக்கிற இடம்) குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. குடுக்காதீங்க. பாமினி இங்கிலீஷ் எழுத்தோட கோடுக்கு மேல தமிழ் உருவத்தை ஒட்டி வச்ச ஃபான்ட், கண்ணுக்கு 'அம்மா'ன்னு தெரிஞ்சாலும் கம்ப்யூட்டருக்கு அது 'mk;kh' தான், அப்புறம் உங்க தீசிஸ்ல யார் எந்த வார்த்தையை தேடினாலும் கிடைக்காது. தமிழ் எழுத்துக்குன்னே தனி கோடு இருக்கற யூனிகோடுக்கு மாத்திட்டு (லதா, நோட்டோ எந்த ஃபான்டா இருந்தாலும் சரி) ஃபான்டை பிடிஎஃப்குள்ள எம்பெட் பண்ணிடுங்க, அதாவது ஃபைலோடயே சேர்த்து வச்சிடுங்க.

நானும் அல்சூர்ல ஒரு கடையில டைப் பண்ண குடுத்து, கன்வெர்ட் பண்ணப்போ கொம்பு எல்லாம் இடம் மாறி, ரெண்டு வாரம் உக்காந்து திருத்தினேன்.

யுஜிசி 2009லயே தீசிஸோட எலக்ட்ரானிக் காப்பி குடுக்கணும்னு சொல்லிடுச்சு, சோத்கங்காவை நடத்துறது குஜராத் காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட்ங்கற யுஜிசி மையம். ஒரே ஃபைலா இல்லாம டைட்டில், சர்டிஃபிகேட், ஒவ்வொரு இயலும் தனித்தனி பிடிஎஃப், பேர்ல 01, 02ன்னு வரிசை நம்பர். பாஸ்வேர்ட் போடக்கூடாது. ஸ்கேன் பண்ணதையும் குடுக்காதீங்க, அது வெறும் படம்தான். மார்ஜின், லைன் ஸ்பேசிங் எல்லாம் உங்க யுனிவர்சிட்டி ரூல், கைடை கேளுங்க.