சூடேறியதும் டிராக் லோடரின் ஒரு பக்கம் மட்டும் பலமிழக்கிறது, பம்பை மாற்றலாமா?

உங்கள் காம்பாக்ட் டிராக் லோடர் (சக்கரத்துக்குப் பதிலாக டிராக் என்ற பட்டைகளில் ஓடும் சிறிய மண் அள்ளும் வண்டி) காலையில் நன்றாக ஓடுகிறது என்றும், அரை மணி நேரம் வேலை செய்த பிறகு இடப்பக்க டிராக் பின்தங்கி வண்டி இடப்புறமாகவே இழுக்கிறது என்றும், பார்த்த மெக்கானிக் பம்ப் போய்விட்டதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பம்பை மாற்றாதீர்கள் என்பதே என் பதில். வளைகுடாவில் இவ்வகை இயந்திரங்களைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறேன். கழற்றி ஓரமாகப் போடப்பட்ட பம்புகளில் பல, பிரித்துப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்திருக்கின்றன.

அழுத்தத்தால் வண்டியை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான டிராக் லோடர்களில் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிஸ்டன் பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் பக்கத்து டிராவல் மோட்டாருடன் (எண்ணெய் அழுத்தத்தால் சுழன்று டிராக்கை ஓட்டும் மோட்டார்) ஒரு மூடிய சுற்றாக இணைந்திருக்கும். பூம் (தூக்கும் கை), பக்கெட், அட்டாச்மென்ட் (முன்னால் மாட்டும் கருவி) ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு கியர் பம்ப் உண்டு. இவற்றுக்கு நடுவே சார்ஜ் பிரஷர் என்ற குறைந்த அழுத்தம் ஒன்று இருக்கிறது. இரண்டு டிராக் சுற்றுகளிலும் கசிந்து குறையும் எண்ணெயை ஈடுசெய்வதும், பிரேக்கை விடுவிப்பதும் அதுதான். ஆகவே வண்டியின் எல்லா இயக்கங்களும் சோர்ந்தால் எண்ணெய் அளவையும் உறிஞ்சு ஹோஸையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். இரண்டு டிராக்குகளும் சேர்ந்து சோர்ந்தால் சார்ஜ் பிரஷரைச் சந்தேகிக்க வேண்டும். பூமும் பக்கெட்டும் மட்டும் சோர்ந்தால் கியர் பம்பையும், அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயை வெளியேற்றும் ரிலீஃப் வால்வையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் சோர்ந்தால் கோளாறு அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்களுடையது இந்தக் கடைசி வகை.

செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். சமதளத்தில், பூமைத் தரையில் இறக்கிவைத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது. கூலரின் இடுக்குகளில் அடைந்திருக்கும் தூசியை நீக்குங்கள். இடப்பக்க டிராக்கின் இறுக்கத்தையும் பாருங்கள், ஏனெனில் கிரீஸ் அடித்து அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட டிராக்கும் அந்தப் பக்கத்தின் பலத்தைத் தின்றுவிடும். சார்ஜ் பிரஷரைக் கேஜ் வைத்து, குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் சூடேறிய பின் ஒருமுறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 20 முதல் 30 பார் வரை இருக்கும். ஆனால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

குளிர்ச்சியில் சரியாக ஓடி, சூட்டில் சோர்வது உள்கசிவின் அடையாளம். சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த பாகங்களின் இடைவெளி வழியாக எளிதில் நழுவிவிடுகிறது. அந்த இடைவெளி பம்பில் இருக்கிறதா, மோட்டாரில் இருக்கிறதா என்பதுதான் இனிக் கண்டுபிடிக்க வேண்டியது. அதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

சில கோடைகளுக்கு முன் கத்தாரில் ஒரு தோட்ட வேலைத்தளத்தில் இதே கோளாறுள்ள வண்டி ஒன்று நின்றது. அதற்கு ஏற்கெனவே புதிய பம்ப் வாங்கிப் பொருத்தி ஒரு வாரம் ஓட்டியிருந்தார்கள். கோளாறு அப்படியே இருந்தது. வண்டியை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பமானியை இரண்டு டிராவல் மோட்டார்களின் உறையிலும் காட்டினேன். வலது 68 டிகிரி, இடது 97 டிகிரி. பிறகு இரண்டு மோட்டார்களின் கேஸ் டிரெயின் ஹோஸ்களையும் (மோட்டாருக்குள் கசியும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய்கள்) கழற்றிச் சுத்தமான இரண்டு கேன்களில் விட்டுக் கட்டி, பக்கெட்டை மண்மேட்டில் முட்டக் கொடுத்து 30 விநாடி ஓட்டச் சொன்னேன். வலப்பக்கக் கேனில் ஒரு லிட்டர்கூட நிறையவில்லை. இடப்பக்கத்தில் நான்கு லிட்டருக்கு மேல் இருந்தது. சில மோட்டார்கள் நல்ல நிலையிலும் சுற்றைக் குளிர்விக்க ஓரளவு எண்ணெயை இவ்வழியே வெளியேற்றும் என்பதால், ஒரு பக்கத்தை மட்டும் அளந்து முடிவு செய்யக் கூடாது. இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்து இடப்பக்கம் மட்டும் சோர்ந்தால், அப்போதுதான் அந்தப் பக்கத்துப் பம்பின்மீதும் அதன் கட்டுப்பாட்டின்மீதும் சந்தேகம் திரும்ப வேண்டும்.

கேஸ் டிரெயின் ஃபில்டரை அறுத்து, அதன் மடிப்பை விரலால் தேய்த்துப் பார்த்தேன். சரிகை உதிர்ந்ததுபோல் வெண்கலத் துகள்கள் விரலில் ஒட்டி மினுங்கின. தேய்ந்தது மோட்டார்தான். வருத்தம் அதோடு முடியவில்லை. மூடிய சுற்றில் மோட்டாரிலிருந்து திரும்பும் எண்ணெயின் பெரும்பகுதி தொட்டிக்குப் போகாமல் நேரே பம்புக்கே போவதால், அந்தத் துகள்கள் ஒரு வாரமாகப் புதிய பம்பின் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பிரித்தபோது எண்ணெய் நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் பிரிக்கும் அதன் வால்வு பிளேட்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல்கள் விழுந்திருந்தன. மோட்டாரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இரண்டு பாகங்களுக்கானதாக மாறியது. ஆகவே எந்தப் பாகத்தை மாற்றினாலும், அந்தப் பக்கத்து இரண்டு பெரிய ஹோஸ்களையும் கழற்றிக் கழுவி, ஃபில்டர்களை மாற்றிய பிறகே வண்டியை இயக்குங்கள்.

இச்சோதனைகளைச் செய்யும்போது கவனம் தேவை. தூக்கிய பூமின் கீழ் அதன் பாதுகாப்புத் தாங்கியைப் பூட்டாமல் ஒருபோதும் நுழையாதீர்கள். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டால் தேடுங்கள். ஹைட்ராலிக் ஹோஸ்களின் உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் எறும்புக் கடிபோல் சிறியதாகத் தெரிந்தாலும், சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

உங்கள் வண்டியில் இரண்டு மோட்டார்களின் வெப்பத்தையும் 30 விநாடிக் கசிவையும் சூடேறிய நிலையிலேயே அளந்து, சார்ஜ் பிரஷர் எண்களோடும் மாடல் பெயரோடும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு எந்தப் பாகத்தைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.