விஸ்கான்சின் 1918 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போரின்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த செனட் இடைத்தேர்தலைப் பற்றி உங்கள் உரையில் ஒரு வரி வந்தது. போரை எதிர்த்த சோஷலிஸ்ட் விக்டர் பெர்கருக்கு அங்கே 26 சதவீத ஓட்டு கிடைத்ததைப் போர் எதிர்ப்பின் அடையாளமாகச் சொன்னீர்கள். அமெரிக்கா போரிட்டது ஜெர்மனியுடன்; அந்த மாநிலத்திலோ ஜெர்மானிய வம்சாவளியினர் மிகுதி. அது வெறும் இன ஓட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இன ஓட்டு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஜெர்மானியர்கள் வாழ்ந்த அதே மாநிலத்தில், 1916 அதிபர் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி பெற்றது சுமார் 6 சதவீதம்தான். ஒன்றரை ஆண்டில் அது நான்கு மடங்கானதற்கு வம்சாவளி மட்டும் காரணமாக முடியாது.

1917 அக்டோபரில், ஜனநாயகக் கட்சியின் செனட்டர் பால் ஹஸ்டிங், வாத்து வேட்டையின்போது சொந்தச் சகோதரரின் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த குண்டுக்குப் பலியானார். காலியான இடத்துக்கு 1918 ஏப்ரல் 2 அன்று தேர்தல். குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், போர்ப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த விஸ்கான்சினின் இன்னொரு செனட்டர் லா ஃபோலெட்டின் ஆதரவு பெற்ற ஜேம்ஸ் தாம்சன், போருக்கு ஆதரவாக வாக்களித்திருந்த இர்வின் லென்ரூட்டிடம் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். தாம்சனை ஆதரித்தவர்களில் போரை வெறுத்தவர்களுக்கு அதன்பின் எஞ்சியிருந்த ஒரே பெயர் பெர்கர்.

அதிபர் வில்சன் தன் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஜோசப் டேவிஸுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, போருக்கு முந்தைய சில நாடாளுமன்ற வாக்கெடுப்புகளே தேசபக்திக்கு உரைகல் என்றார். அவற்றில் முழுக்க அரசின் பக்கம் நிற்காத லென்ரூட்டை நோக்கிய அம்பு அது. துணை அதிபர் மார்ஷல், மாநிலத் தலைநகரான மேடிசனுக்கே வந்து, லென்ரூட் துரோகிகளின் ஓட்டுக்காகக் கையேந்துகிறார் என்ற பொருளில் பேசினார். போருக்குக் கைதூக்கியவரே அந்த உரைகல்லில் தேறவில்லை என்றால், சாதாரண விவசாயி தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? போர்க் கடன் பத்திரம் வாங்காதவர்களின் வீடுகளில் அவமான அடையாளமாக மஞ்சள் சாயம் பூசப்பட்ட காலம் அது. (அரசின் ஆணவம் எதிரணிக்குச் செய்யும் உதவி பெரிது.) ஆளுங்கட்சி தன் கையிலிருந்த இடத்தைச் சுமார் 15,000 ஓட்டில் லென்ரூட்டிடம் இழந்தது.

பெர்கரோ, போர் எதிர்ப்புப் பேச்சையும் எழுத்தையும் தண்டிக்கப் பயன்பட்ட உளவுச் சட்டத்தின் கீழ் அப்போதே குற்றம் சாட்டப்பட்டிருந்தார். அவருடைய நாளிதழுக்கான சலுகைத் தபால் கட்டணமும் பறிக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் அவருக்கு விழுந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓட்டுகளை, வாய்விட்டுச் சொன்னால் வழக்கு வரும் ஒன்றை, பெயர் எழுதத் தேவையில்லாத ஒரே தாளில் சொல்லிவிட்டு வந்தவர்களின் ஓட்டுகளாகவே நான் வாசிக்கிறேன். அவர்களில் பலர் சோஷலிஸ்ட்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது.

இன்னொன்று. போரை எதிர்த்ததற்காகச் செனட்டிலிருந்தே வெளியேற்றப்பட வேண்டும் என்று கூச்சலிடப்பட்ட லா ஃபோலெட் ஜெர்மானியர் அல்ல. 1922இல் விஸ்கான்சின் அவரைச் சுமார் 80 சதவீத ஓட்டுடன் திரும்ப அனுப்பியது.