ஃப்ளூ பரவும் நேரத்தில் ஓசூருக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். வீட்டில் பாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். என்ன செய்வது?

கிருஷ்ணகிரி–ஓசூர் பஸ்ஸில் காலை நெரிசலில் ஆறடி தள்ளி நிற்பதெல்லாம் நடக்காது. அதனால் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய ஏசி பஸ்ஸை விட காற்றோட்டமான டவுன் பஸ்ஸே மேல்.

இதில் சிக்கல் என்னவென்றால், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அறிகுறி வந்தபின்னும் 5 முதல் 7 நாள் வரை பரவலாம். ஆகவே, 'எனக்கு ஒன்றுமில்லையே' என்று வந்ததும் குழந்தையைத் தூக்காதீர்கள். முதலில் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள், சட்டையையும் மாற்றிவிடுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் லீவு போடுங்கள். சம்பளம் பிடிப்பார்கள் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவதுதான் கூட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் பரப்புகிறது. மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகு போகலாம். அதன்பின்னும் சில நாள் மாஸ்க் போடுங்கள்.

பாட்டிக்கும் உங்களுக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது நல்லது. வருடாவருடம் போட வேண்டும், வேலை செய்ய சுமார் 2 வாரம் ஆகும். குழந்தைக்கு 6 மாதம் ஆன பிறகுதான் போடலாம்.

பாட்டிக்கோ குழந்தைக்கோ காய்ச்சல் கண்டால் கஷாயத்தோடு காத்திருக்க வேண்டாம். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும், அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், அது வைரஸுக்கு வேலை செய்யாது. மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108.